இருநூற்றுப் பதினான்காம் கட்டில்

மேசைமேல் இரண்டு கார்டுகள் இருந்தன, கம்ப்யூட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே மாட்டுபவை. ஒன்று உள்ளங்கை அளவு, வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவுக்குள். மற்றது கனமான உலோகப் பெட்டிக்குள். பெரியதன் விலை சின்னதைப் போல் எட்டு மடங்கு.

நவமணி மூன்று நாளாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் மெஷினை நிறுத்திவிட்டு மயிலா எட்டிப் பார்த்தாள். கோவை கணபதியில் இருந்த அந்தப் பட்டறையில் அவர்கள் இருவர்தான். நவமணி முதலாளி. மயிலா வேலைக்காரி. அப்படி இருவருமே நினைத்துக்கொண்டதில்லை.

"ரெண்டும் ஒரே வேலையத்தானுங்க்கா செய்யுது?"

"ஒரே வேலைதான். கட்டில்ல படுத்திருக்கறவங்க உடம்புச் சூட்டை அளக்கணும். தூக்கம் கலையறப்ப சூடு ஏறும். ஏறுனா மோட்டாரைத் திருப்பி மருந்தைத் தள்ளணும்."

"அப்பறம் என்ன ரோசனை?"

"இந்த ஸ்டெப்பர் மோட்டாரு ஒரு சுத்துக்கு இருநூறு அடி வெக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொடுக்குக் குடுக்கணும், சீரா. பெரிய கார்டுக்குள்ளயே கடியாரம் இருக்குது, அதே சொடுக்கிக்கும். மோட்டார் நெசமாலுமே திரும்புச்சான்னு பாக்கறதுக்குக் கண்ணும் இருக்குது. சின்னதுல ரெண்டும் இல்ல. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்லத்தான் சொடுக்கும்."

"கம்ப்யூட்டர் சொல்லாம எங்க போயிரப் போகுது?"

"வேற வேலையா இருந்தா தாமசமாச் சொல்லும். அப்ப மோட்டார் ஒரு அடி விட்டுரும். விட்டது மோட்டாருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எண்ணிக்கை மட்டும் ஏறிட்டே இருக்கும்."

மயிலா சிரித்தாள். "என்ற வீட்டுக்காரனாட்டம். வேலைக்குப் போறேன், வேலைக்குப் போறேன்னு நாளை மட்டும் எண்ணிட்டிருந்தான்."

அவன் பாலக்காட்டுக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. கடிதம் இல்லை, போன் இல்லை.

கோடை உறக்கத் திட்டம் வந்து இது மூன்றாம் வருஷம். பங்குனி முடிவில் தண்ணீர் இல்லாத தெருக்களின் ஆட்களைக் கூடங்களில் படுக்கவைப்பார்கள். தொண்ணூறு நாள். தூங்குகிற உடம்புக்கு, விழித்திருக்கும் உடம்பு கேட்கும் தண்ணீரில் இருபதில் ஒரு பங்கு போதும். அதையும் குழாய் வழியாக நரம்பில் ஏற்றிவிடலாம். ஆனியில் மழை எட்டிப் பார்த்ததும் எழுப்புவார்கள்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு சிரிஞ்ச். முதலாவது தூக்கத்துக்கு. இரண்டாவது, கைகால் அசையாமல் இருப்பதற்கு. அசைந்தால் வியர்க்கும், வியர்த்தால் தண்ணீர் போகும். மூச்சை அந்த மருந்து தொடாது. இரண்டாவது சிரிஞ்சுக்குச் சாதாரண மோட்டார், ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓடும். அதில் கவலை இல்லை. கவலை முதலாவதில்தான்.

மயிலா பட்டியலில் பெயர் கொடுத்திருந்தாள். போன சித்திரையில் லாரித் தண்ணீரும் நின்றபோது அவளுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் கிடந்தாள். பக்கத்தில் கிடந்த இரண்டு பேரை அவள் கண்முன்னேதான் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு சித்திரையை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். தனி ஆள் என்பதால் அவளைப் பட்டியலில் பின்னால் தள்ளியிருந்தார்கள். எண் இருநூற்றுப் பதினான்கு.

அன்று மத்தியானம் சென்னியப்பன் வந்தார். வெள்ளகோவிலில் மூடிக் கிடந்த நூற்பாலையை உறக்கக் கூடமாக மாற்றும் ஒப்பந்தம் அவருடையது. வந்ததும் ஃபேனுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனம்மணி, முடிவு பண்ணீட்டீங்களா? எம் பொண்டாட்டி என்ற பேரையும் பட்டியல்ல குடுத்துட்டா. மூணு மாசம் ஊடு அமைதியா இருக்குமாமா."

"பெரிய கார்டுதானுங்ண்ணா சரி."

சென்னியப்பன் சிரிப்பை நிறுத்தினார்.

"சர்க்கார் குடுக்கறது இவ்வளவுதான், உங்களுக்கே தெரியும். பெருசு வெச்சா நூத்தி அறுவது கட்டிலு. சிறுசு வெச்சா முன்னூத்தி இருவது. பட்டியல்ல முன்னூத்தி இருவது பேரு இருக்கறாங்க. நூத்தி அறுவத்தொண்ணாவது ஆள்கிட்டப் போயி யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

மயிலாவின் மெஷின் நின்றிருந்தது. அவள் நிமிரவில்லை. கையில் இருந்த செம்புக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிறுசு ஓடாதுன்னு சொல்லுங்க, விட்டர்றேன்" என்றார் சென்னியப்பன்.

"ஓடும்."

"அப்பறம் என்னங்?"

நவமணி பெரிய கார்டை ஓரமாக நகர்த்தினாள். அவர் போன பிறகு சின்னக் கார்டை எடுத்து மாட்டினாள்.

புது மோட்டார் எதுவானாலும் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மயிலா தன் நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்து, மோட்டாரின் உடம்பிலும் தண்டிலும் நேராக ஒரே சிவப்புக் கோடு இழுப்பாள். முழுச் சுற்றுகள் ஓடி நின்றால் இரண்டு கோடும் சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ அடி விட்டிருக்கிறது. காசு செலவில்லாத கண் அது.

இரண்டு நாள் ஓட்டினார்கள். பத்தாயிரம் சுற்று. கோடு மயிரிழை பிசகாமல் சேர்ந்தது.

ஓட்டியது ஒரு மோட்டாரைத்தான். கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் பதினாறு கட்டில்களைப் பார்க்க வேண்டும். பதினாறையும் சேர்த்து, வெயிலில் வைத்து ஓட்ட இன்னும் ஒரு வாரம் தேவை. திறப்புக்கு அமைச்சர் வருவதாக இருந்தது, வளர்பிறை முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். ஒன்று ஓடினால் பதினாறும் ஓடும் என்று நவமணி கையெழுத்துப் போட்டாள்.

முந்நூற்று இருபது மோட்டார்களுக்கும் மயிலாவே கோடு இழுத்தாள். யாரும் அவளை இழுக்கச் சொல்லவில்லை. நான்கு புட்டி தீர்ந்தது. ஐந்தாவதில் மிச்சம் இருந்ததைக் கால் நகங்களில் பூசிக்கொண்டாள்.

திறப்பு நாளில் நவமணியும் கூடத்துக்குப் போனாள். நூற்பு மெஷின்களைக் கழற்றி எடுத்த இடத்தில் இருபது வரிசை கட்டில்கள். மேலே பழைய தகரக் கூரை. மயிலா இருநூற்றுப் பதினான்காம் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டினாள்.

"வயசுக்கு வந்ததுலிருந்து, ஆஸ்பத்திரியில கெடந்த ஒம்பது நாளைத் தவுர, லீவு போட்டதில்லீங்க்கா. ஒரேயடியா மூணு மாசம். சம்பளத்தைப் பிடிச்சுராதீங்க."

"பயமா இருக்குதா?"

"ஊசி போடறது யாருன்னு தெரியாது. பெட்டி உங்க பெட்டிதானுங்க்கா. எனக்கென்ன பயம்?"

எஸ்தர் என்ற நர்ஸ் வந்து அவள் கண்களை மூடி, உலர்ந்துபோகாமல் இருக்க மேலே டேப் ஒட்டினாள். மோட்டார் மெல்லத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கால்கள் ஆடுவது நின்றது.

அறுபத்து நான்காம் நாள் எஸ்தர் போன் செய்தாள்.

"மேடம், மத்தியானத்துல சில மோட்டாருங்க உர்ருனு சத்தம் போடுது. திரையில ஒண்ணும் காட்டல. டாக்டர் சென்னையிலிருந்து பாத்துட்டு எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாரு. இருந்தாலும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

நவமணி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வெயில் ஏறி, கூரைத் தகரம் படபடவென்று விரிந்து சத்தமிட்டது. ஒரு கோடியில் தொடங்கி மறு கோடி வரை ஓடி அடங்கியது.

"தெனமும் இந்த நேரத்துக்கு ஒருக்கா இப்படித்தான், மேடம்" என்றாள் எஸ்தர். "அதுக்கப்புறம்தான் மோட்டாருங்க சத்தம் ஆரம்பிக்கும்."

நவமணிக்கு அப்போதே புரிந்துவிட்டது. கூடம் சூடாகும்போது எல்லா உடம்பும் ஒன்றாகச் சூடாகும். பதினாறு கட்டிலும் ஒரே நேரத்தில் மருந்து கேட்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் சொல்லும். சொடுக்கு தாறுமாறாக வரும். மோட்டார் நடுங்கும், திரும்பாது. எண்ணிக்கை ஏறும்.

மேற்குச் சுவர்ப் பக்கம் இருந்த பதினான்காம் வரிசைக்கு நடந்தாள். இருநூற்றுப் பதினான்கின் திரையில் நாற்பத்தொரு முழுச் சுற்று என்று இருந்தது. முழுச் சுற்றென்றால் சிவப்புக் கோடுகள் சேர்ந்திருக்க வேண்டும். உடம்பின் கோடு மேலே இருந்தது. தண்டின் கோடு கீழே, இடப்பக்கம் இருந்தது.

பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள். மோட்டாரின் ஒரு சுற்றுக்குச் சிரிஞ்சின் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் நகரும். புது சிரிஞ்ச் மாட்டியதிலிருந்து நாற்பத்தொன்று நகர்ந்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று நகர்ந்திருந்தது.

அடுத்த கட்டிலை அளந்தாள். முப்பத்திரண்டு. அதற்கடுத்தது முப்பத்து நான்கு.

இரண்டாவது சிரிஞ்சுகளை அளந்தாள். அசையாமல் வைக்கும் மருந்து. எல்லாம் சரியாக இருந்தன.

திரும்பி வந்து மயிலாவின் முகத்தைப் பார்த்தாள். அமைதியாகத்தான் இருந்தது. இடது கண்ணின் டேப் ஓரம் பிசின் விட்டு, கீழே ஈரமாக இருந்தது.

"கண்ணுல விடற சொட்டு மருந்து, மேடம்" என்றாள் எஸ்தர். பிறகு, "காலையில விட்டது" என்றாள். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை.

போன் செய்ததும் சென்னியப்பன் ஒரு மணி நேரத்தில் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டார். நவமணி ஸ்கேலைக் காட்டினாள், கோட்டைக் காட்டினாள். அவருக்கு விளங்க நேரமாகவில்லை.

"அப்படின்னா இவங்க முழிச்சிட்டிருக்கறாங்கங்கறீங்களா?"

"தெரியிலீங்ண்ணா. அரைகுறையாத் தூங்கலாம். சாயங்காலம் ஆனா தூங்கலாம். முழிச்சிருந்தா அசையறதுக்கும் முடியாது, சொல்றதுக்கும் முடியாது."

சென்னியப்பன் குனிந்து மயிலாவைப் பார்த்தார். "உங்க பட்டறைப் புள்ளைதான? கால்ல பாலிசெல்லாம் போட்டுட்டுப் படுத்திருக்குது, கல்யாணத்துக்குப் போறாப்பல. முகத்தைப் பாருங்க, எத்தனை நிம்மதியா இருக்குது."

"எழுப்பீரலாம்ங்ண்ணா."

"எழுப்பி? குடிக்க என்ன குடுப்பீங்க? இவங்க பங்குத் தண்ணிய சித்திரையிலயே வேற வார்டுக்குத் திருப்பி உட்டாச்சு. வெளிய நாப்பத்தேழு டிகிரி. முன்னூத்தி இருவது பேரை எழுப்பி எந்த வராந்தாவுல போடறது?"

"கார்டை மாத்தணும்."

"பெரிய கார்டு வர எத்தனை நாளாகும்?"

"ஆறு வாரம்."

"எழுப்பற நாளுக்கு?"

நவமணி மோட்டாரின் தண்டில் விரல்களை வைத்தாள். கையால் எட்டுச் சுற்று திருப்பினால் விட்டது சேர்ந்துவிடும். எவ்வளவு விட்டது என்று தெரியும். எந்தெந்த நேரத்தில் விட்டது என்று தெரியாது. மொத்தமாகத் தள்ளினால் மூச்சு நின்றுவிடலாம். விரல்களை எடுத்தாள்.

"எழுப்பற நாளுக்கு இன்னும் இருபத்தாறு நாளு" என்றாள்.

"வெளிய தெரிஞ்சா அடுத்த வருசம் இந்தக் கூடம் இல்ல, பாத்துக்குங்க. எந்தக் கூடமும் இருக்காது. தூங்கறவங்களுக்கு என்னம்மணி தெரியப் போகுது?"

தகரம் எங்கோ ஒரு முறை சொடுக்கியது.

"ஒண்ணும் தெரியாது" என்றாள் நவமணி. "இருபத்தாறு நாள்தான."

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா மோட்டார்களின் வேகத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். வேகம் குறைந்தால் அடி விடுவதும் குறையும். மறுநாள் மத்தியானம் வரை இருந்து முதல் வரிசையில் நான்கு கட்டில்களைப் பார்த்தாள். நான்கிலும் கோடுகள் சேர்ந்திருந்தன. பதிவேட்டில் சரி என்று எழுதினாள்.

பதினான்காம் வரிசைக்கு அவள் போகவில்லை. மேற்குச் சுவர்ப் பக்கம்தான் சூடு அதிகம் என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூறாம் நாள் எழுப்பினார்கள். முந்நூற்றுப் பதினெட்டுப் பேர் எழுந்தார்கள். இரண்டு சாவு எதிர்பார்த்ததற்கும் குறைவு என்று அறிக்கையில் வந்தது. பலர் சில நாள் பேசவில்லை. நெடுந்தூக்கத்துக்குப் பின் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். மேற்குப் பக்கத்து ஆள் ஒருவர், வீட்டுக்குப் போன பிறகு படுக்கவே மாட்டேன் என்கிறாராம், உட்கார்ந்தபடியே இருக்கிறாராம் என்று எஸ்தர் போனில் சொன்னாள். யார் என்று நவமணி கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து மயிலா வேலைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். பழையபடியே காயில் சுற்றினாள். சுற்றி முடித்ததும் மேலே டேப் ஒட்ட வேண்டும். அதை மட்டும் நவமணி பக்கம் தள்ளினாள்.

"இதை நீங்க ஒட்டீருங்க்கா."

ஏன் என்று நவமணி கேட்கவில்லை. ஆறு மாதம் அவளே ஒட்டினாள்.

தை மாதம் சென்னியப்பன் வந்தார். இந்த முறை ஆயிரம் கட்டில், நான்கு கூடம். வெள்ளகோவில் அறிக்கையை மேலிடத்தில் பாராட்டியிருந்தார்கள்.

"அதே சிறுசுதான், அம்மணி. எண்ணிக்கையெல்லாம் சரியா இருக்குதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

"இந்தத் தடவை பெரிய கார்டுதானுங்ண்ணா. இல்லீனா நான் செய்யல."

சென்னியப்பன் எழுந்தார். "அப்ப ஐநூறு கட்டிலு. ரோசிச்சுச் சொல்லுங்க. நீங்க செய்யாட்டி வேற ஆளு செய்வான், சிறுசை வெச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கார்டுகளும் மறுபடி மேசைமேல் இருந்தன. மயிலா வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்தண்ணனுக்கு வாய் ஜாஸ்திங்க்கா. கல்யாணத்துக்குப் போறாப்பலயாமா."

நவமணி நிமிர்ந்தாள்.

மயிலா தன் கால் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் இப்போது ஒன்றும் பூசியிருக்கவில்லை.

"தெனமும் மத்தியானம் தகரம் படபடங்கும். அதை வெச்சுத்தான் எண்ணுனேன். நீங்க வந்து அளந்த அன்னைக்கப்பறம் இருபத்தாறு. சரியாத்தானுங்க்கா சொன்னீங்க."

 நவமணி தன் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நான் வேகத்தைக் குறைச்சேன், மயிலா. பாத்தேன். முத வரிசையில..."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். நடந்து போனீங்க, வந்தீங்க. என்ற கட்டில் பக்கம் வரல."

வெளியே தண்ணீர் லாரி ஒன்று நிற்காமல் போனது. 

"எந்திரிச்சதும் சொல்லியிருக்கலாமே. யாருகிட்டயாவது."

"சொன்னா கூடத்தை மூடிருவாங்க."

"மூடட்டும்."

"மூடிட்டு?" மயிலா கேட்டாள். கோபம் இல்லை அந்தக் குரலில். "டாக்டர் சீட்டு என்ற பையிலதான் இருக்குது. இந்த வருசமும் பேர் குடுத்திருக்கறேன். நெம்பர் அறநூத்தி நாப்பது."

அறுநூற்று நாற்பது. நவமணி பெரிய கார்டைப் பார்த்தாள். ஐந்நூறு கட்டில்.

மயிலா சின்னக் கார்டை எடுத்து அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள். பிறகு பையிலிருந்து நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, மேசைமேல் இருந்த மோட்டாரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்தத் தகரத்தை மட்டும் மாத்த வேண்டாம்னு சொல்லீருங்க்கா" என்றாள். "எண்ணறதுக்கு ஆகும்."